பூட்டபிள் பென்டிரைவைச் செருகியதும் கணினி நீலத்திரைக்குப் போகிறது: காரணத்தை எப்படிக் கண்டறிவது?

கேள்வி

வணக்கம். விண்டோஸ் 11 இயங்கும் என் மேசைக்கணினியில் ஒரு வாரமாகத் தொடரும் சிக்கலுக்கு வழி தெரியாமல் இங்கே எழுதுகிறேன். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04இன் படிமக் கோப்பை (முழு வட்டின் நகலாக அமைந்த ஒரே கோப்பை) 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் எழுதி, கணினியை அதிலிருந்தே தொடங்க முடியும்படி, அதாவது பூட்டபிளாக, வைத்திருக்கிறேன். கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்காமல், படிமத்தை அப்படியே பதிக்கும் முறையில் எழுதினேன். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செருகினால், சாதனம் இணைந்ததற்கான ஒலி கேட்கிறது, பென்டிரைவின் விளக்கு மூன்று நான்கு முறை துடிக்கிறது, மவுஸ் அம்பு அப்படியே உறைந்து நிற்கிறது, அடுத்த இரண்டு விநாடிகளுக்குள் நீலத்திரை வந்துவிடுகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து முடிப்பதற்குள் கணினி தானாகவே மறுதொடக்கம் ஆகிவிடுகிறது. இதுவரை ஏழு முறை இப்படி நடந்துவிட்டது.

புகைப்படங்கள் வைத்திருக்கும் வேறொரு பென்டிரைவ் அதே போர்ட்டில் எந்தத் தொல்லையும் தருவதில்லை. விண்டோஸ் நிறுவுவதற்காகத் தயாரித்த பூட்டபிள் பென்டிரைவும் ஒழுங்காகத் திறக்கிறது. எனக்குப் புரியாத விஷயம் என்னவென்றால், உபுண்டுவை எழுதி முடித்த அன்று இதே பென்டிரைவை இரண்டு மூன்று முறை செருகிப் பார்த்தேன்; ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் என் மடிக்கணினியை இதிலிருந்து பூட் செய்து, உபுண்டுவைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து மேசைக்கணினியில் செருகியபோதுதான் முதல் நீலத்திரை வந்தது.

பென்டிரைவில் உள்ள பூட் நிரல் விண்டோஸ் ஓடும்போதே கிளம்பி இரண்டும் மோதிக்கொள்கின்றனவா? அல்லது மடிக்கணினியிலிருந்து வைரஸ் ஏதேனும் ஏறிவிட்டதா? மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டுமா?

முதல் பதில்

முதல் வேலையாக, மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்வதற்கு முன், முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். ஏழு முறை கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நடுவழியில் நின்றிருக்கிறது என்றால், அந்த நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்புகள் பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. 'செக்டிஸ்க்' கருவியால் சி டிரைவையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சிக்கலைப் பொறுத்தவரை நான் மின்சாரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒரு சாதனத்துக்கு 500 மில்லி ஆம்பியர் வரையிலும், யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரையிலும் தர வேண்டும். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே ஒரு கேபிள் வழியாக மதர்போர்டோடு இணைவதால், அந்த இணைப்பு தளர்ந்திருந்தால் இப்படிப்பட்ட கோளாறுகள் வரும். ஹப் எதுவும் இல்லாமல், பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகிப் பாருங்கள். பென்டிரைவின் உலோக முனை வளைந்திருக்கிறதா என்பதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாம் பதில்

நண்பர் சொன்ன போர்ட் சோதனையைச் செய்யுங்கள். ஆனால் அதில் விடை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மின்சாரம் தடைபட்டு நிற்கும் கணினி பெரும்பாலும் நீலத்திரை காட்டுவதற்குக்கூட அவகாசமின்றி இருண்டுவிடும். நீலத்திரை வருகிறது என்றால், விண்டோஸின் கர்னல் ஒரு பிழையைக் கண்டறிந்து, அதைப் பதிவு செய்துவிட்டு, தானே நின்றிருக்கிறது என்று பொருள். அந்தப் பதிவு உங்கள் கணினியிலேயே இருக்கும்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. பூட் நிரல் ஓடவில்லை. கணினியை இயக்கும் கணத்தில், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அதைத் தேடி எடுத்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைத்தால்தான் அது ஓடும். விண்டோஸ் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும்போது அந்த நிரல் பென்டிரைவில் கிடக்கும் மற்ற பைட்டுகளைப் போலச் சும்மாதான் கிடக்கிறது. ஆகவே 'பூட்டபிள்' என்ற சொல்லைச் சிறிது நேரம் மறந்துவிட்டு, செருகிய பிறகு விண்டோஸ் என்னென்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் மின்னிணைப்பு ஏற்படுகிறது. பிறகு யூஎஸ்பி டிரைவர் (இயக்கு நிரல்) சாதனத்தை அடையாளம் காண்கிறது. அதன் பின் பார்ட்டிஷன்களின், அதாவது வட்டின் பிரிவுகளின், அட்டவணை படிக்கப்படுகிறது. கடைசியாக ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் எந்தக் கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) இருக்கிறது என்று கர்னலில் பதிவாகியுள்ள கோப்பு முறைமை டிரைவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகிறது. இணைப்பு ஒலி உங்களுக்குக் கேட்டுவிட்டது, அதன் பிறகு விளக்கும் துடித்திருக்கிறது. அப்படியென்றால் முதல் இரண்டு படிகள் நல்லபடியாக முடிந்து, படிக்கத் தொடங்கிய பிறகே கணினி விழுந்திருக்கிறது.

படிப்பதால் மட்டும் ஒரு கணினி விழுமா என்று நீங்கள் கேட்கலாம். விழும். 2018இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், வேண்டுமென்றே சிதைத்த என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) படிமம் ஒன்றை வெளியிட்டார். அதைத் தாங்கிய பென்டிரைவைச் செருகினாலே போதும், எந்தக் கோப்பையும் திறக்காமல் விண்டோஸ் நீலத்திரைக்குப் போனது. கோப்பு முறைமை டிரைவர்கள் கர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. அவற்றில் ஒன்று தடுக்கினால், தனிச் செயலி மூடிக்கொள்வது போல அது மட்டும் மூடிக்கொள்ளாது; முழுக் கணினியையும் சேர்த்து நிறுத்திவிடும்.

எனவே இரண்டு வேலைகள் செய்யுங்கள். கணினியை முழுவதுமாக அணைத்து, இதே பென்டிரைவை இதே போர்ட்டில் செருகி, அதிலிருந்து பூட் செய்து அரை மணி நேரம் உபுண்டுவை ஓட்டிப் பாருங்கள். அது தடுமாறாமல் ஓடினால், போர்ட், மின்சாரம், பென்டிரைவின் சிப் ஆகிய மூன்றும் ஏறத்தாழக் குற்றமற்றவை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு பைசாச் செலவில்லை. புதிய மதர்போர்டு வாங்குவதைப் பற்றி அதற்கு முன் யோசிக்கவே வேண்டாம். இரண்டாவதாக, சிஸ்டம் அமைப்புகளில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதிக்குப் போய், தானாக மறுதொடக்கம் ஆவதை நிறுத்திவிடுங்கள். அடுத்த நீலத்திரை நீங்கள் படிக்கும் வரை காத்திருக்கும். அதில் 'வாட் ஃபெயில்டு' என்ற வரி இருந்தால் அதில் உள்ள கோப்பின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் உள்ள கோப்பை 'விண்டிபக்' கருவியில் திறந்து ஆய்வுக் கட்டளையைக் கொடுத்தால் அந்தப் பெயர் கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். லினக்ஸ் பார்ட்டிஷன்களை விண்டோஸில் படிப்பதற்கான டிரைவர் எதையாவது எப்போதாவது நிறுவியிருக்கிறீர்களா?

கேள்வி கேட்டவர்

மிகவும் நன்றி. பின்பக்கப் போர்ட்டிலும் அதே நீலத்திரைதான். ஆனால் அதே போர்ட்டிலிருந்து பூட் செய்தபோது உபுண்டு முக்கால் மணி நேரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடியது. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தும் பார்த்தேன்.

தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்திய பிறகு வந்த நீலத்திரையில் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' என்று இருந்தது. அதன் கீழே இருந்த கோப்பின் பெயரைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. என் பழைய லினக்ஸ் கணினியின் வன்வட்டை இந்தக் கணினிக்குள் பொருத்தியிருக்கிறேன். அதில் உள்ள கோப்புகளை விண்டோஸிலிருந்தே எடுப்பதற்காக, இலவசமாகக் கிடைத்த இஎக்ஸ்டி (லினக்ஸின் கோப்பு முறைமை) டிரைவர் ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறுவியிருந்தேன். அந்த வட்டில் அது இன்றுவரை ஒழுங்காக வேலை செய்வதால் அதன் மீது எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஆனாலும் ஒன்று புரியவில்லை. பென்டிரைவில் நான் எந்த இஎக்ஸ்டி பார்ட்டிஷனையும் உருவாக்கவில்லையே? முதல் நாள் ஏன் இப்படி ஆகவில்லை?

இரண்டாம் பதில் எழுதியவர்

மடிக்கணினியில் பூட் செய்த பிறகுதான் இது தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீங்கள் உருவாக்கவில்லை, உபுண்டு உருவாக்கிக்கொண்டது. படிமத்தை அப்படியே எழுதிய பென்டிரைவிலிருந்து உபுண்டுவின் அண்மைப் பதிப்புகள் முதன்முறை பூட் ஆகும்போது, பின்னால் மிச்சமிருக்கும் காலியிடத்தில் தாமாகவே ஒரு இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை அமைத்து, பதிவுக் கோப்புகளை அதில் சேமிக்கின்றன. உங்கள் 32 ஜிபி பென்டிரைவில் படிமம் எடுத்துக்கொண்டது சில ஜிபி மட்டுமே. மீதி முழுவதும் அந்தப் புதிய பார்ட்டிஷனாகியிருக்கும். முதல் நாள் அது இல்லை, அதனால் உங்கள் டிரைவருக்கு அங்கே வேலையும் இல்லை.

முன்பெல்லாம் கழற்றக்கூடிய பென்டிரைவில் எத்தனை பார்ட்டிஷன் இருந்தாலும் விண்டோஸ் முதலாவதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 2017இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து எல்லாப் பார்ட்டிஷன்களையும் எடுத்துக்கொள்கிறது. அந்த டிரைவர் இல்லாத கணினியில் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை எவரும் உரிமை கோர மாட்டார்கள்; 'இந்த வட்டை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்ற பெட்டி மட்டும் வரும், அதை ரத்து செய்துவிட்டால் போதும். உங்கள் கணினியிலோ அந்த டிரைவர் முன்வந்து அதை ஏற்கிறது, படிக்க முயல்கிறது, விழுகிறது.

பழைய வட்டில் விழாமல் இதில் மட்டும் விழுவதற்கும் ஏற்கத்தக்க காரணம் இருக்கிறது. இஎக்ஸ்டி4 என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் அதன் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அதை உருவாக்கும் கருவித்தொகுப்பின் 1.43 பதிப்பு 2016இல் வந்தபோது, 64 பிட் முகவரிகளும், மெட்டாடேட்டாவுக்கான (கோப்புகளைப் பற்றிய விவரங்களுக்கான) செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணும் இயல்பாகவே சேர்க்கப்பட்டன. உங்கள் பழைய வட்டு அதற்கு முன் ஃபார்மட் செய்யப்பட்டதாக இருந்தால், டிரைவர் பழகியிருப்பது அந்தப் பழைய அமைப்போடுதான். அறியாத அமைப்பைக் கண்டால் மறுத்துவிட்டு ஒதுங்குவதே ஒரு நல்ல டிரைவரின் வேலை. இது ஒதுங்காமல் படித்துக்கொண்டே போகிறது என்பதுதான் என் ஊகம்.

டிரைவரை நீக்குங்கள். நீக்கிய பின் கணினியை 'ஷட் டவுன்' செய்து மீண்டும் இயக்காமல், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தாலும் கர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே மீட்கப்படும். நீக்கிய டிரைவர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போல உங்களைக் குழப்பும்.

மூன்றாம் பதில்

இதே தலைப்பைத் தேடி வருபவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். பென்டிரைவ் செருகியிருக்கும்போது கணினி இயங்கத் தொடங்கி, லோகோவிலேயே நின்றுவிடுகிறது என்றால் அது வேறு சிக்கல். அங்கே விண்டோஸ் இன்னும் வரவே இல்லை. ஃபர்ம்வேர் அமைப்புகளில் உள் வட்டைப் பூட் வரிசையின் முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள், ஃபாஸ்ட் பூட் அமைப்பை நிறுத்திப் பாருங்கள், ஃபர்ம்வேரின் புதிய பதிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மினிடம்ப் கோப்பு எதுவும் இருக்காது என்பதால் அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

லினக்ஸ் ஓடும் கணினி இப்படி விழுந்தால், மறுதொடக்கத்துக்குப் பின் முந்தைய பூட்டின் கர்னல் பதிவை 'ஜர்னல்சிடிஎல்' கருவியில் எடுத்துப் பார்க்கலாம். கடைசி வரிகள் வட்டில் பதிவாகாமல் போயிருக்கவும் கூடும்.

கேள்வி கேட்டவர்

டிரைவரை நீக்கி, சொன்னபடி ரீஸ்டார்ட் கொடுத்தேன். பென்டிரைவை நான்கு போர்ட்டுகளிலும் மாற்றி மாற்றிச் செருகினேன். ஒவ்வொரு முறையும் ஃபார்மட் செய்யச் சொல்லும் பெட்டி வந்தது, ரத்து செய்தேன், கணினி நிற்கவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தபோது, நீங்கள் சொன்ன அந்தப் பெரிய பார்ட்டிஷன் கடைசியில் இருக்கிறது. செக்டிஸ்க்கும் சி டிரைவில் பழுது எதையும் காட்டவில்லை.

பழைய லினக்ஸ் வட்டில் உள்ள கோப்புகளை இனி எப்படி எடுப்பது என்பது மட்டும்தான் மிச்சம்.

இரண்டாம் பதில் எழுதியவர்

அது உள்ளே பொருத்திய தனி வட்டு என்பதால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போதும். அதிலுள்ள 'மவுண்ட்' வசதி முழு வட்டையும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடும் உண்மையான லினக்ஸ் கர்னலிடம் ஒப்படைக்கிறது. அங்கே ஏதேனும் தவறினாலும் அந்த மெய்நிகர் கணினிதான் நிற்கும், விண்டோஸ் நிற்காது. கட்டளையை நிர்வாகி உரிமையோடு கொடுக்க வேண்டும். பென்டிரைவ்களுக்கு அந்த வசதி பொருந்தாது. பென்டிரைவில் உள்ள பதிவுக் கோப்புகள் எப்போதாவது தேவைப்பட்டால் அதிலிருந்தே பூட் செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.