ராஜபாளையம் நாய்க்கு எந்தக் கழுத்துச் சங்கிலி சரியாக இருக்கும்?

வணக்கம். திருமங்கலம் பக்கம் தோட்டத்து வீடு. இரண்டு வயது ராஜபாளையம் ஆண் நாய் வைத்திருக்கிறேன். எடை 32 கிலோ, கழுத்துச் சுற்றளவு 46 செ.மீ., தலையின் அகலமான இடத்தில் 50. போன வாரம் ஆட்டு மந்தையைப் பார்த்ததும் இழுத்த இழுப்பில் தோல் பெல்ட் பிய்ந்து என் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, ஆடு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்கு முன் ஒரு சங்கிலி வாங்கினேன். எவர்சில்வர் என்றுதான் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் முலாம் உரிந்து, வெள்ளை முடியில் கழுத்தைச் சுற்றிக் காபி கொட்டியது போல் துருக்கறை. காந்தம் வைத்துப் பார் என்கிறார் அண்ணன். ஆனால் சில ரக எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டுமே? வேறு எப்படிக் கண்டுபிடிப்பது?

சுருக்குச் சங்கிலியில் எனக்குப் பயம். கட்டிப்போட்ட நாய்க்கு அதை மாட்டவே கூடாது, எதிலாவது சிக்கினால் இறுகிவிடும். நடைக்கு மட்டும் என்றாலும் கழுத்தளவோடு 5 செ.மீ. சேர்த்தால் 51தான், தலை நுழைவதற்குள் காதெல்லாம் மடங்கிவிடும். கொஞ்சம் மட்டுமே இறுகி நின்றுவிடும் பாதிச் சுருக்கு வகை இவனுக்குச் சரிப்படுமா? முடி குட்டை, தோல் மெல்லிசு. கண்ணி 3 மி.மீ. போதுமா, 4 வேண்டுமா?

முள் பட்டை மட்டும் சொல்லாதீர்கள், வாங்க மாட்டேன். மதுரையில் நல்ல சங்கிலி கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். இப்போதைக்குத் தாம்புக்கயிற்றில்தான் நிற்கிறான்.