4 கிலோ வான்கோழி, சின்ன ஓவன்: நெஞ்சுக்கறி காயாம சமைக்க வழி?

கேள்வி (ஃப்ரேசர் டவுன், பெங்களூர்):
ரஸ்ஸல் மார்க்கெட்ல தோலோட 4 கிலோ வான்கோழி சொல்லி வெச்சிருக்கோம். வீட்ல 30 லிட்டர் ஓவன்தான். முழுசா வைக்கலாமா?

பதில் 1:
வேண்டாங்க. தொடை வேகறதுக்குள்ள நெஞ்சு சக்கையாயிடும், மேல்கம்பி தோலைக் கருக்கிடும். கடையிலயே கால்களைத் தனியா, நெஞ்சை எலும்போட தனியா வெட்டித் தரச் சொல்லுங்க. லிட்டர் தண்ணிக்கு 60 கிராம் உப்பு கரைச்சு, நெஞ்சை மட்டும் ஃபிரிட்ஜ்ல 8 மணி நேரம் ஊற வைங்க. ஈரம் போகத் துடைச்சு, தோலுக்கு அடியில வெண்ணெய் தடவி 170 டிகிரியில வைங்க. ஒரு மணி நேரம் கழிச்சு தெர்மாமீட்டரை எலும்புல படாம நடுச்சதையில குத்திப் பாருங்க. 74 டிகிரி வந்ததும் எடுத்து, 20 நிமிஷம் ஆறவிட்டு அறுங்க. உடனே அறுத்தா சாறெல்லாம் பலகையில ஓடிடும்.

பதில் 2:
கால்ல வெள்ளை நரம்பு குச்சி மாதிரி விறைப்பா இருக்கும். கணுவுக்கு மேல சுத்தி வெட்டி, இடுக்கியால இழுத்து எடுத்துடுங்க. அப்புறம் சின்ன வெங்காயம், மிளகு போட்டு குக்கர்ல சிறுதீயில 25 நிமிஷம். பெங்களூர் உயரத்துல தண்ணி சுமார் 97 டிகிரியிலயே கொதிச்சிடும், திறந்த சட்டியில ரொம்ப நேரம் இழுக்கும்.

கேட்டவர்:
நன்றிங்க. ஓவன் தட்டுல வடியற சாறுல கிரேவி வைக்கலாமா?

பதில் 1:
அது உப்பு கரிக்கும், ரெண்டு ஸ்பூன் போதும். ஊறப்போடாத கழுத்து, முதுகெலும்புல சாறு எடுத்து வைங்க.