விசுவல் எடிட்டரில் மாவட்டத்தை மாற்ற முடியவில்லை, அவசரம்

கொள்ளிடக்கரை:
வணக்கம். எங்கள் விக்கியில் சீர்காழி பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் தகவற்சட்டத்தில் (பக்க ஓரத் தகவல் பெட்டி) இன்னும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே வருகிறது. விசுவல் எடிட்டரில் (நிரல் எழுதாமல் பக்கத்தைத் தொகுக்கும் கருவி) சட்டத்தைத் திறந்தால் மாவட்டம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் நாகை தெரிகிறது, எங்கிருந்துதான் வருகிறதோ. ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பிள்ளைகள் தொகுக்க வருகிறார்கள், விக்கி நிரல் அவர்களுக்குத் தெரியாது, எல்லாம் விசுவல் எடிட்டரிலேயே முடிய வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

நெல்லுமணி:
எந்த விக்கி? விக்கிப்பீடியாவா, சொந்தமாக நிறுவியதா? விக்கியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் பதிப்பு என்ன? தகவற்சட்டத்தை உருவாக்கும் வார்ப்புருவின் நிரலை ஒட்டினால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

வடவாறு:
கேச்தான் (சேமித்து வைத்த பழைய நகல்), வேறென்ன. பர்ஜ் செய்து அதைப் புதுப்பியுங்கள்.

கொள்ளிடக்கரை:
செய்தாயிற்று. அதே நாகை.

குத்தாலம் பையன்:
அண்ணா, காலிக் கட்டத்தில் மயிலாடுதுறை என்று தட்டிச் சேமியுங்கள், முடிந்தது. இதற்கா இவ்வளவு கவலை.

சர்வர்சாமி:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதுவது? தேடல் பெட்டி அலங்காரத்துக்கு வைக்கவில்லை. சரி, கேளுங்கள் தம்பி. கட்டம் காலியாக இருப்பது பிழையே இல்லை. அந்தப் பக்கத்தில் யாராவது கையால் எழுதிய அளவுருக்களை (கட்டங்களில் நிரப்பும் மதிப்புகள்) மட்டும்தான், விக்கி நிரலை மாற்றித் தரும் பார்சாய்டு விசுவல் எடிட்டருக்குக் கொடுக்கும். உங்கள் வார்ப்புரு மாவட்டத்தை வேறு எங்கிருந்தோ இழுக்கிறது, அது எடிட்டரின் கண்ணுக்கே படாது. பையன் சொன்னபடி தட்டினால் அந்த ஒரு பக்கம் மட்டும் மாறும். ஊர்ப் பட்டியலிலும் கோயில் பக்கங்களிலும் பழைய மாவட்டமே நிற்கும். அப்புறம் பொதுத் தரவு என்று ஒன்றை வைத்திருப்பது எதற்கு?

வடவாறு:
அப்படியென்றால் நேராக விக்கித்தரவில் (விக்கிமீடியாவின் பொதுத் தரவுக் களஞ்சியம்) போய் மாற்றுங்கள், தானாக வந்துவிடும்.

நெல்லுமணி:
விக்கிமீடியாவின் சொந்த விக்கிகளுக்குத்தான் அந்த நேரடி இணைப்பு. வெளியில் இருக்கும் விக்கி தனியாக விக்கிபேஸ் (விக்கித்தரவு இயங்கும் மென்பொருள்) நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் ஏபிஐ (மென்பொருள்கள் தரவு கேட்டு வாங்கும் வழி) மூலமாக எடுக்க வேண்டும். அதனால்தான் முதலிலேயே எந்த விக்கி என்று கேட்டேன்.

கொள்ளிடக்கரை:
சொந்த விக்கிதான். விக்கிபேஸ் அதே சர்வரில் இருக்கிறது. நிறுவிக் கொடுத்த நண்பர் இப்போது துபாயில், போன் எடுப்பதில்லை. வார்ப்புருவில் ஸ்டேட்மெண்ட்ஸ், பி5 என்று இருக்கிறது, அதாவது மாவட்டம் என்ற பண்பை விக்கிபேஸிலிருந்து இழுக்கும் கட்டளை. ஓர் ஊரின் உருப்படியில் (விக்கிபேஸில் அந்த ஊருக்கான பதிவு) மயிலாடுதுறையைச் சேர்த்துப் பார்த்தேன், பக்கத்தில் ஒன்றும் மாறவில்லை, அரை மணி கழித்து நாகப்பட்டினம், மயிலாடுதுறை என இரண்டும் வருகிறது!

குத்தாலம் பையன்:
நாகையை அழித்துவிடுங்கள். கார்கோவும் பேஜ் ஃபார்ம்ஸும் (தரவைச் சேமிக்கவும் படிவத்தில் நிரப்பவும் உதவும் நீட்சிகள்) போட்டிருந்தால் இந்தத் தலைவலியே வந்திருக்காது.

திருவெண்காட்டான்:
ஏன் அழிக்க வேண்டும்? 1991 அக்டோபர் வரை நாங்கள் தஞ்சாவூர் மாவட்டம், 2020 டிசம்பர் 28 வரை நாகப்பட்டினம், அதன்பிறகுதான் மயிலாடுதுறை. எங்கள் வீட்டுப் பத்திரத்தில் இன்றைக்கும் தஞ்சாவூர் ஜில்லா என்றுதான் இருக்கிறது. பழைய கல்வெட்டுத் தொகுப்பிலோ ஆவணத்திலோ ஊர் தேடுகிறவன் எந்த மாவட்டம் என்று பார்ப்பான்? மூன்றும் இருக்க வேண்டும்.

குத்தாலம் பையன்:
அப்படிப் போனால் சோழ மண்டலம், வளநாடு என்று சோழர் காலம் வரைக்கும் எழுதலாமே.

திருவெண்காட்டான்:
எழுதலாம்தான், உங்களுக்கு என்ன கஷ்டம்?

சர்வர்சாமி:
இது வரலாற்று மன்றம் இல்லை.

நெல்லுமணி:
மூன்றையும் வைக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கீழே தொடக்க நாள், முடிவு நாள் போடுங்கள். விக்கிபேஸ் வெறுமையாகத்தான் வரும், அந்தப் பண்புகளை உங்கள் நண்பர் உருவாக்காமல் போயிருந்தால் நீங்கள் உருவாக்க வேண்டும். ஆனால் நாள் போட்டதால் மட்டும் நாகை மறையாது. மயிலாடுதுறைக்கு மட்டும் தரநிலையை 'விருப்பம்' என்று உயர்த்துங்கள், ஸ்டேட்மெண்ட்ஸ் உயர்ந்த தரநிலையில் உள்ளதைத்தான் காட்டும். அரை மணி தாமதத்துக்குக் காரணம் வேலை வரிசை (பின்னணியில் காத்திருக்கும் பணிகள்). அந்தப் பணிகளை முடிக்கும் ரன்ஜாப்ஸை கிரானில் (குறித்த நேரத்தில் தானாக இயக்கும் வசதி) போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது பக்கம் திறக்கும்போதுதான் வரிசை நகரும்.

விசுவல் எடிட்டருக்குள்ளேயே பொதுத் தரவைத் தொகுக்கும் வசதி விக்கிபேஸோடு வருவதில்லை. விக்கித்தரவு பிரிட்ஜ் என்று ஒன்றை முயன்றார்கள், அதுவும் படிக்கும் பக்கத்தில் சின்னச் சாளரமாகத் திறப்பதுதான். பிள்ளைகளுக்காக இப்படிச் செய்யலாம்: வார்ப்புருவில் மாவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் இணைப்பு, சொடுக்கினால் உருப்படியில் அந்தப் பண்புக்கே போகும். டெம்ப்ளேட்டேட்டாவில் (வார்ப்புருவின் கட்டங்களை எடிட்டருக்கு விளக்கும் குறிப்பு) மாவட்டம் அளவுருவைக் கைவிடப்பட்டது என்று குறித்து, 'பென்சிலைச் சொடுக்கவும், இங்கே எழுத வேண்டாம்' என்று விளக்கம் எழுதுங்கள். எடிட்டர் எச்சரிக்கும்.

சர்வர்சாமி:
நான் சொன்னதைத்தான் நீட்டி எழுதியிருக்கிறார்.

கொள்ளிடக்கரை:
வந்துவிட்டது, ஒரே மாவட்டம்தான் காட்டுகிறது. பென்சிலும் போட்டாயிற்று. ரொம்ப நன்றி நெல்லுமணி ஐயா.

திருவெண்காட்டான்:
தஞ்சாவூரைச் சேர்த்தீர்களா?

நெல்லுமணி:
கிரான் போட்டீர்களா?