ஆக்ஸ்போர்டு கல்லூரி வாழ்க்கை: படகா, பாட்டா?

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் ஆக்ஸ்போர்டில் முதுகலை சேர்கிறேன். அங்கே படித்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் வழிகாட்டுங்கள்.

முதலில் படகு. நதி குறுகலாக இருப்பதால் படகுகளை வரிசையாக நிறுத்தி, முன்னால் போகும் படகை இடிப்பதையே வெற்றியாகக் கொள்ளும் பந்தயம் அங்கே 1815 முதல் நடக்கிறதாம். இடித்துவிட்டுப் பரிசும் வாங்கும் விளையாட்டை விட மனமில்லை! ஆனால் எனக்கு நீச்சல் அரைகுறை. துடுப்பையே தொட்டிராதவர்களை எந்தப் பருவத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்? நீச்சல் தேர்வு எவ்வளவு கடுமையாக இருக்கும்? விடியற்காலைப் பயிற்சி வாரத்தில் எத்தனை நாள்?

அடுத்தது இசை, இதுதான் பெரிய கவலை. சிறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள். சுருதியும் தாளமும் கைவசம் உண்டு. மேற்கத்திய இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் பாட வராது. கல்லூரித் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் குரல் தேர்வு உண்டு என்று தெரியும். தேர்வே இல்லாத குழுக்களும் இருக்கின்றனவா? கிறிஸ்தவர் அல்லாதவர்கள் மாலை வழிபாட்டில் பாடுவது அங்கே இயல்பானதா?

பருவம் எட்டே வாரம். கட்டுரைகளுக்கு நடுவே இரண்டையும் சமாளித்தவர்கள் உண்டா, அல்லது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? மது அருந்தாதவர்கள் முதுகலை மாணவர் பொது அறையில் எப்படி நட்பு பிடிக்கிறார்கள் என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். பொதுவில் எழுதத் தயங்குபவர்கள் தனிச்செய்தி அனுப்பலாம்.