தேரி மண்ணு ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ள போகுது, வழி சொல்லுங்க

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். ஃபோம் ஃபில்டர் மாட்டியும் ஏர்பாக்ஸையும் (ஃபில்டர் உட்கார்ற பெட்டி) கார்புரேட்டரையும் இணைக்கிற ரப்பர் குழாய்க்குள்ள (பூட்) செம்மண் படியுது, நிறுத்த முடியல.

வண்டி 250 சிசி நாலு ஸ்ட்ரோக் டர்ட் பைக், 2018 மாடல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கி எட்டு மாசம். ஓட்டுறது திருச்செந்தூர் பக்கம் காயாமொழி, குதிரைமொழி தேரியை (செம்மணல் மேடு) ஒட்டி. அந்த மண்ணு மாவு மாதிரி, ஆடிக் காத்துல சும்மா நின்னாலே மூக்குக்குள்ள ஏறிரும்.

ஆரம்பத்துல பெட்ரோல்ல கழுவி ஃபோமோட ஒட்டு பிரிஞ்சிருச்சு, அதுக்கப்புறம் புதுசு வாங்கி ஒவ்வொரு ரைடு முடிஞ்சதும் மண்ணெண்ணெய்ல அலசி சோப்புத் தண்ணில கழுவி முறுக்காம அமுக்கிப் பிழிஞ்சு நிழல்ல நல்லா காயவச்சு ஃபில்டர் ஆயில் எல்லா இடமும் ஊறுற மாதிரி பிசைஞ்சுதான் மாட்டுறேன், விளிம்புல கிரீஸும் தடவுறேன். பூட் கிளாம்ப் ரெண்டையும் மாத்தியாச்சு, ரப்பர்ல வெடிப்பு இல்ல. கிரீஸ் மேல மண்ணு தாண்டுன தடமும் இல்ல. ஆனாலும் ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு பூட்டுக்குள்ள விரல விட்டா செவப்பா ஒட்டுது.

மூணு வாரமா கிக்கர் லேசா இறங்குது, ஆயில் குறையுது, ஆக்ஸிலரேட்டர் முறுக்கினா நீலப் புகை. மெக்கானிக் ரீபோர் (சிலிண்டர் உள்பக்கத்தக் கடைஞ்சு பெருசாக்குறது) பண்ணச் சொல்றாரு, ஆனா தூசி வர்ற வழிய அடைக்காம புது பிஸ்டன், ரிங் போட்டா அதுவும் தேஞ்சிரும்ல, அதான் தள்ளிப் போட்டுட்டு இருக்கேன்.

ஃபோம் வழியா வருதா, இல்ல ஏர்பாக்ஸும் பூட்டும் சேர்ற இணைப்பு வழியா வருதான்னு வீட்லயே உறுதியா கண்டுபிடிக்க என்ன செய்யணும்?