பாம்பைக் கண்டதும் தடி தேடும் ஊரில், பிள்ளைகளிடம் எதைச் சொல்லித் தொடங்குவது?

ஒட்டுசுட்டான் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் எங்காவது ஒரு பாம்பு அடிபட்ட செய்தி வந்துகொண்டே இருக்கும். சென்ற கிழமை விளையாட்டு மைதான வேலியோரம் கிடந்த ஒரு பாம்பை, "புடையன், புடையன்" (நஞ்சுள்ள கண்ணாடி விரியன்) என்று கூவிக்கொண்டு பெரிய வகுப்பு மாணவர்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது, கழுத்துத் தெரியாத தலையும் கட்டையான வாலுமாகக் கிடந்தது நஞ்சில்லாத மண்ணுளிப் பாம்பு.

வரும் மாதம் பெற்றோரையும் மாணவரையும் ஒன்றாக இருத்தி இதைப் பற்றிப் பேசும்படி அதிபர் என்னிடம் கேட்டிருக்கிறார். எனக்குக் கிடைத்த சுவரொட்டிகள் எல்லாம் "பாம்பு விவசாயியின் நண்பன்" என்றே தொடங்குகின்றன. என் வகுப்பில் வயலில் பாம்பு கடித்துத் தந்தையை இழந்த பிள்ளை ஒன்று முன் வாங்கில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் கண்ணெதிரே அந்தச் சுவரொட்டியை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக, கண்ட பாம்பையெல்லாம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. எங்கள் வன்னி மக்களிடம் இந்த எண்ணத்தை மாற்ற எங்கிருந்து தொடங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

வவுனியா தாதி:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பல காலமாக வைத்தியசாலையில் பாம்புக்கடி நோயாளரைப் பராமரித்து வருபவள் நான். அந்தச் சுவரொட்டியை நீங்கள் ஒட்டாமல் விட்டது சரியான முடிவு என்பதே என் கருத்து. பயப்படுகிறவரிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால், அதன் பிறகு நாம் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். வன்னி மக்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை முதலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு அந்தப் பயத்தைச் சரியான இடத்துக்குத் திருப்புவதுதான் உங்கள் வேலை.

2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது என்றும், அவர்களில் சுமார் 30,000 பேருக்கே உடலில் நஞ்சேறுகிறது என்றும், 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி வைத்துப் பேசுங்கள். 400 குடும்பங்களின் இழப்பு சிறிய விடயமல்ல. உலக சுகாதார நிறுவனமே 2017 இல் பாம்புக்கடி நஞ்சேற்றத்தை, முன்னுரிமை தரவேண்டிய, ஆனால் புறக்கணிக்கப்பட்டு வந்த நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கடித்த பாம்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை நஞ்சில்லாதவையாகவோ நஞ்சை இறக்காமல் கடித்தவையாகவோ இருந்திருக்கின்றன என்பதும் அதே எண்களில் இருக்கிறது. கடிவாயில் விஷக்கல் வைத்தும் மந்திரப் பார்வை பார்த்தும் பிழைத்தவர்களின் கதைகள் எங்கள் ஊர்களில் இத்தனை இருப்பதற்கும் இதுதான் காரணம். அவர்களில் பெரும்பாலோர் எதுவும் செய்யாதிருந்தாலும் பிழைத்திருப்பார்கள்.

அடுத்ததாக, எது ஆபத்தானது, அது எங்கே எப்போது கடிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். கண்ணாடி விரியன் எனப்படும் புடையன், பொழுது சாயும் வேளையிலும் இரவிலும் வரம்பிலோ வைக்கோலிலோ மிதிபடும்போது காலில்தான் கடிக்கிறது. முழங்கால் வரை வரும் றப்பர்ச் சப்பாத்தும் கையில் ஒரு ரோச் லைற்றும் இருந்தால் இந்தக் கடிகளில் பெரும் பகுதியைத் தவிர்த்துவிடலாம். கட்டுவிரியன் அப்படியல்ல. அது வயலில் மனிதனை எதிர்கொள்வது அரிது. நடு இரவில், நிலத்தில் பாய் விரித்து உறங்குபவரைக் கடிக்கிறது. வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட அடையாளம்கூடச் சில வேளைகளில் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழும்புவார்கள், சற்று நேரத்தில் கண் இமை சொருகும், விழுங்க முடியாமற் போகும், பிறகு மூச்சு விடும் தசைகளே செயலிழக்கும். நேரத்துக்கு வந்து சேர்ந்தால் செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். போருக்குப் பின் மீள்குடியேறிய காலத்தில் தரப்பாள் கொட்டிலுக்குள் நிலத்தில் படுத்து உறங்கிய எங்கள் சனத்துக்கு இந்தப் பாம்பு எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கட்டிலில் படுப்பதும், நிலத்தில் படுக்க நேர்ந்தால் நுளம்பு வலையின் விளிம்பைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்வதும் உயிரைக் காக்கும். கரையோர மணற்பாங்கில் உள்ள பிள்ளைகளுக்குச் சுருட்டை விரியனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

கடித்த பாம்பை அடித்துப் பையில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அதைத் தேடி அலைவதில் பொன்னான நேரம் போகிறது, தேடிப் போனவரும் கடி வாங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் நோயாளியின் உடலில் தெரியும் மாற்றங்களைப் பார்த்தே சிகிச்சையைத் தீர்மானிக்கிறோம். புடையன் கடியென்று சந்தேகம் இருந்தால், சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுக் குழாயைச் சரித்துப் பார்ப்போம். உறையாமல் தண்ணீர்போல் ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். இந்தியாவிலிருந்து வரும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒன்றாகவே தயாரிக்கப்படுவதால், கடித்தது எதுவென்று தெரியவில்லை என்பதற்காக யாரும் தாமதிக்க வேண்டியதில்லை.

முத்தையன்கட்டுக் கமக்காரன்:

தங்கை சொன்ன மருத்துவ விடயங்கள் மிகவும் பயனுள்ளவை. ஆனால் எண்களைக் கேட்டு எங்கள் வயதுக்காரர் மனம் மாறுவார்கள் என்று நான் நம்பவில்லை. எங்கள் வாய்க்கால் வயல்களில் சாரைப் பாம்பை அடிக்கும் பழக்கம் குறையக் காரணம் எலிதான். கதிர் தள்ளும் பருவத்தில் எலி ஒரு வயலுக்குள் இறங்கினால், விடியப் போய்ப் பார்க்கும்போது நடு வயலில் வட்டம் வட்டமாக நெல் சாய்ந்து கிடக்கும், தாளின் அடியைச் சாய்வாக வெட்டியிருக்கும். பொறி வைத்தாலும் நஞ்சு வைத்தாலும் வளைக்குள் இருக்கும் குட்டிகளை அழிக்க முடியாது. சாரை அந்த வளைக்குள்ளேயே நுழைந்து போய்த் தின்னும். அது போதாதென்று, எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் நின்று எலிக்காய்ச்சல் வாங்கிக்கொண்டவர்களும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். போகம் தொடங்கும்போது எலிக்காய்ச்சலைத் தடுக்கச் சுகாதாரப் பகுதியினர் தரும் டொக்சிசைக்கிளின் குளிசையைக் கையில் வாங்கும் கமக்காரனுக்கு, எலியைத் தின்னும் உயிரின் பெறுமதியை விளக்கப் பெரிய சொற்பொழிவு வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாகமும் சாரையும் பிணையும் என்றும், அவற்றின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்றும் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். குளக்கட்டில் அந்தக் காட்சியை நான் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டும் கயிறு முறுக்கியதுபோல் பின்னிக்கொண்டு, முன்னுடலை நிலத்திலிருந்து உயர்த்தி, ஒன்று மற்றதன் தலையைக் கீழே அமுக்கப் பார்த்தன. கடிக்கவே இல்லை. இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். பெண்ணுக்காக நடக்கும் பலப்பரீட்சை அது, தோற்றது பற்றைக்குள் போய்விட்டது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடலைப் புகையைப் பார்த்திருக்கும் என்பதும் இப்படிப்பட்ட கதையே. அது நஞ்சே இல்லாத பாம்பு, ஓணானும் தவளையும் பிடிக்கத்தான் மரம் ஏறுகிறது. இப்படிப்பட்ட கதைகளைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினால் பெரியவர்களும் காது கொடுப்பார்கள்.

கதைகளைத் திருத்தும்போது நம்பிக்கையைப் புண்படுத்தாதீர்கள். புதூர் நாகதம்பிரான் கோயிலுக்கும் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்கும் பொங்கலுக்குப் போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. நாகத்தைக் கண்டால் கை கூப்பி வழிவிட்டு நிற்கும் மனிதர் இன்றும் இருக்கிறார்கள். அந்த மரியாதை நாகத்தோடு நின்றுவிடாமல் மற்றப் பாம்புகளுக்கும் போய்ச் சேர வழி தேடுவது, புதிதாக ஒரு அன்பை வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்குவதைவிட எங்கள் மண்ணுக்குப் பொருந்தும்.

கிளிநொச்சி இளைஞன்:

ஐயா சொன்னதோடு நான் உடன்படுகிறேன். ஆனாலும், தவறாக அடையாளம் காண்பதால் சாகும் பாம்புகளே அதிகம் என்பது என் அவதானம். ஆசிரியையின் பாடசாலையில் நடந்ததும் அதுதான். புடையனின் முதுகில் கரிய விளிம்புள்ள நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசையாக ஒழுங்காக ஓடும், தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். மண்ணுளியிலும் வெங்கணாந்தி எனப்படும் மலைப்பாம்பின் குட்டியிலும் திட்டுகள் ஒழுங்கின்றி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். வீட்டுச் சுவரில் பல்லி பிடிக்க ஏறும் வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று அடிப்பதும் இப்படித்தான். வரையனின் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிப் போகும், கட்டுவிரியனில் வால் பக்கமே தெளிவாக இருக்கும். படங்களைச் சோடி சோடியாக அச்சிட்டு மாணவர்களையே பிரிக்கச் செய்யுங்கள். இவை தூரத்தில் நின்று பார்ப்பதற்கு மட்டும், எந்தப் பாம்பையும் கையில் எடுப்பதற்கல்ல என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

2018 ஜூன் மாதம் எங்கள் அம்பாள்குளத்தில் சிறுத்தை ஒன்று பலரைக் காயப்படுத்திய பின் அடித்துக் கொல்லப்பட்டதும், அதன் உடலோடு சிலர் எடுத்த படங்கள் நாடெங்கும் பரவியதும் நினைவிருக்கும். வெளியிலிருந்தவர்கள் எங்கள் மக்களைக் கொடியவர்கள் என்று எழுதித் தள்ளினார்கள். கூட்டமாகச் சூழ்ந்து நின்றால் தப்பிக்க வழியற்ற விலங்கு பாய்ந்தே தீரும், விலகி நின்று அதற்கு ஒரு பக்கத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதை அதற்கு முன் யாரும் அந்த மக்களுக்கு வந்து சொல்லியிருக்கவில்லை. பாம்பு விடயத்திலும் ஏச்சு உதவாது. கண்டால் எத்தனை அடி விலகி நிற்பது, சின்னப் பிள்ளைகளை யார் அப்புறப்படுத்துவது, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு யார் அழைப்பது என்பதைப் பாடசாலையில் முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள்.

ஒட்டுசுட்டான் ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சோடிப் படங்களை அச்சிடக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒரு விஷகடி வைத்தியர் ஐயா இருக்கிறார், கூட்டத்துக்கும் கட்டாயம் வருவார். வைத்தியசாலைக்கே முதலில் போங்கள் என்று நான் சொல்வது அவரை அவமதிப்பதாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

வவுனியா தாதி:

கூட்டத்துக்கு முன்பே நீங்களும் அதிபரும் அவருடைய வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், மேடையில் முதல் வரிசையில் இருத்துங்கள். அவர் பார்வை பார்ப்பதையோ வேண்டுதல் செய்வதையோ விடும்படி கேட்காதீர்கள், அதை அம்புலன்ஸ் வரும்வரை நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தே செய்யட்டும். அவரிடம் கேட்க வேண்டியவை கடிவாயைக் கீறாதிருப்பதும், இறுக்கிக் கட்டாதிருப்பதும், வாயால் எதையும் பருகக் கொடுக்காதிருப்பதும்தான். கட்டுவிரியன், நாகம் கடித்தவருக்கு விழுங்கும் ஆற்றல் குறைவதால், பருகக் கொடுத்த மருந்து நெஞ்சுக்குள் இறங்கி மூச்சடைக்கும் என்று விளக்கினால் அவர் புரிந்துகொள்வார். மோதிரம், காப்பு, கொலுசு இருந்தால் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருந்து, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கும்படி அவருடைய வாயாலேயே சபையில் சொல்லச் செய்யுங்கள். எங்களிடம் வரும் நோயாளரில் பலர் முதலில் கேட்பது அவரைப் போன்றவர்களின் பேச்சைத்தான்.