எலுமிச்சை மின்கலம்: அலுமினியத்தில் 2 வோல்ட் ஏன் வரவில்லை?

குமுளி_டீச்சர்:
சாஸ்திர மேளாவுக்கு (பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு) பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எலுமிச்சை மின்கலம் செய்கிறார்கள். செம்புக் கம்பி, ஜி.ஐ. ஆணி (துத்தநாகம் பூசிய இரும்பு ஆணி) ஜோடிக்கு 0.95 வோல்ட் வருது. பாடப்புத்தகத்தின் திட்ட மின்வாய் மின்னழுத்த அட்டவணைப்படி அலுமினியம் −1.66, செம்பு +0.34, ஆக 2.00 வரணும். ஆனா அலுமினியத் தாளில் 0.5-ஐத் தாண்டலை. ஆணி போட்ட இரண்டு பழத்தைத் தொடரில் இணைச்சா 1.9 காட்டியும் சிவப்பு எல்.ஈ.டி. எரியலை. எங்கே கோளாறு?

மின்கலப்_பிரியன்:
டீச்சர், அந்த +0.34 செம்பு அயனி இருக்கிற கரைசலுக்கு உரியது. எலுமிச்சைச் சாற்றில் செம்பு அயனி ஏது? செம்பின் மேல் எலக்ட்ரானை வாங்கிக்கிறது சாற்றின் ஹைட்ரஜன் அயனியும் கரைஞ்ச ஆக்சிஜனும்தான். அதனால செம்புக்குப் பதில் பழைய பேட்டரியின் கார்பன் குச்சியைக் குத்தினாலும் பெரிய மாற்றம் வராது. எதிர்மின்வாயை (ஆணி இருக்கிற பக்கத்தை) மாத்துங்க, உடனே தெரியும்: மக்னீசியம் ரிப்பன் 1.5-ஐ ஒட்டி ஏறும், வெறும் இரும்பு ஆணி இறங்கும். ஜி.ஐ. ஆணியை உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம். துத்தநாகப் பூச்சு போயிடும்.

அலுமினியத்துக்குத் தடை அதன் ஆக்சைடு படலம். தேய்ச்சு எடுத்தாலும் காற்றுபட்டதும் மறுபடி படிஞ்சிடும். சாற்றைப் பிழிஞ்சு டம்ளரில் ஊத்தி அரை ஸ்பூன் கல்லுப்பு போடுங்க. உப்பின் குளோரைடு அந்தப் படலத்தை அரிக்கும், அளவு கொஞ்சம் ஏறும். அப்பவும் 2 வராது.

கம்பம்_லேப்:
எல்.ஈ.டி. சிக்கல் வேற. மல்டிமீட்டர் மின்னோட்டமே இழுக்காத மாதிரிதான் அளக்குது. ஒரு பழத்துக்குக் குறுக்கே 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்து பாருங்க. 0.95 பாதியா விழுந்தா, பழத்தின் அகமின்தடையும் (கலத்துக்குள்ளேயே இருக்கிற மின்தடை) 1 கிலோஓம்னு அர்த்தம். எல்.ஈ.டி.க்கு 1.8 வோல்ட்டோட சில மில்லிஆம்பியரும் வேணும். ஆணிக்குப் பதில் 2 செ.மீ. அகலத் தகடு, 1 செ.மீ. இடைவெளி, நாலு பழம், லேசா எரியும். தகடு அகலமானா வோல்ட் கூடாது, மின்னோட்டம்தான் கூடும்.

அட்டவணையோட ஒத்துப்போகணும்னா டேனியல் கலம் செய்யுங்க, அதாவது செம்பும் துத்தநாகமும் அவங்கவங்க உப்புக் கரைசலில் நிற்கிற மின்கலம். நம்ம பக்கம் திராட்சைக்கும் மிளகுக்கும் போர்டோ கலவை (பூஞ்சைக்கொல்லி) போட வாங்குற துருசு (காப்பர் சல்பேட்) போதும்: 100 மி.லி. தண்ணீருக்கு 25 கிராம். அதில் செம்புத் தகடு. மெருகு பூசாத சின்ன மண் கிண்ணத்தில் ஜிங்க் சல்பேட் கரைசலும் துத்தநாகத் தகடும் வெச்சு, துருசுக் கரைசலுக்குள்ளே இறக்குங்க. 1.1 வரும். துத்தநாகம் கறுத்தா துருசு உள்ளே கசிஞ்சு செம்பு படியுதுன்னு அர்த்தம். வெளிப்பாத்திரம் கண்ணாடியா இருக்கட்டும். தகர டப்பான்னா அதிலேயே செம்பு படியும். துருசு விஷம், சமையல் பாத்திரம் கூடாது.

குமுளி_டீச்சர்:
ஜிங்க் சல்பேட் எவ்வளவு சார்?

கம்பம்_லேப்:
உரப்பையில் 21% துத்தநாகம்னு இருந்தா 100 மி.லி.க்கு 29 கிராம், 33%ன்னா 18 கிராம் டீச்சர்.